வெண்டீஸ் டேவ் தாமஸ் தத்தெடுப்புக்குச் செய்தது வெறும் விளம்பரமா?

கேள்வி இது: "அமெரிக்காவில் பர்கர் விற்றுக் கோடீஸ்வரர் ஆன டேவ் தாமஸ், வீடில்லாத பிள்ளைகளுக்காக அறக்கட்டளை நடத்தினார் என்கிறார்கள். பெரிய கம்பெனிக்காரர்கள் செய்வதெல்லாம் விளம்பரத்துக்குத்தானே? இவர் மட்டும் எப்படி வேறு?"

விளம்பரம் அதில் கலந்திருந்தது. அதை மறைத்துப் பேசுவதில் பயனில்லை. அவர் டிவியில் முகம் காட்டியதால்தான் அந்த வேலையே அவரைத் தேடி வந்தது. ஆனால் ஆயிரம் நல்ல காரியங்கள் இருக்க அவர் எதை எடுத்தார், எடுத்ததை எப்படிச் செய்தார் என்று பார்த்தால் உங்கள் கேள்விக்குப் பதில் கிடைத்துவிடும். நான் ஓட்டல் தொழிலில் கல்லாவிலும் அடுக்களையிலும் பல வருஷம் நின்றவன். என் கண்ணுக்குப் பட்டது இதுதான்: ஓட்டலை எந்தக் கையால் நடத்தினாரோ அதே கையால்தான் அறக்கட்டளையையும் நடத்தினார். ஐட்டத்தைக் குறைத்துக்கொள்வது, தெரிந்த வேலையை மட்டும் எடுப்பது, வருகிற ஒவ்வொரு ஆர்டரையும் தனித்தனியாகக் கவனிப்பது. அதனால் அவர் தொழிலைப் புரிந்துகொள்ளாமல் அவர் கொடையைப் புரிந்துகொள்ள முடியாது. கொஞ்சம் நீளமாகத்தான் சொல்ல வேண்டும்.

அவர் பிறந்தது 1932 ஜூலை 2, நியூஜெர்சி மாநிலத்தின் அட்லாண்டிக் சிட்டியில். ஆறு வாரக் குழந்தையாக இருந்தபோது மிச்சிகனைச் சேர்ந்த ஒரு தம்பதி தத்தெடுத்தார்கள். ஐந்து வயதில் வளர்ப்புத் தாய் இறந்துபோனார். அப்பா ரெக்ஸ் தாமஸ் வேலை தேடி ஊர் ஊராகப் போகிறவர். ஒரு பள்ளிக்கூடத்தில் நண்பன் என்று ஒருவன் அமைவதற்குள் மூட்டை கட்ட வேண்டியிருக்கும். அப்பாவும் மகனும் அடிக்கடி வெளியில்தான் சாப்பிடுவார்கள். பக்கத்து மேஜையில் ஒரு குடும்பம் சேர்ந்து உட்கார்ந்து பேசிச் சிரித்துச் சாப்பிடும். பையன் அதையே பார்த்துக்கொண்டிருப்பான். சொந்தமாக ஓட்டல் வைக்க வேண்டும் என்ற ஆசை எட்டு ஒன்பது வயதிலேயே வந்துவிட்டது என்று பிற்காலத்தில் அவரே சொல்லியிருக்கிறார். அவருக்கு ஓட்டல் என்றால் முதலில் சோறு இல்லை, குடும்பம். இந்தப் பதிலின் கடைசி வரைக்கும் இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

கோடை விடுமுறைகளில் பாட்டி மினி சின்க்ளேரின் வீடு. அந்த வயதில் அவருக்கு நிலையாக இருந்த ஒரே ஆள் அவர்தான். டேவ் தத்துப்பிள்ளை என்ற உண்மையையும் அந்தப் பாட்டிதான் சொன்னார். அப்போது அவருக்கு 13 வயது. இத்தனை வருஷம் ஒருவரும் வாய் திறக்கவில்லையே என்ற வலி அவரை விட்டுப் போகவே இல்லை. பிள்ளையிடம் சின்ன வயதிலேயே சொல்லிவிட வேண்டும், மறைப்பதால் நன்மை இல்லை என்று பின்னாளில் திரும்பத் திரும்பப் பேசியதற்கு அதுதான் காரணம்.

12 வயதில் டென்னசி மாநிலத்து நாக்ஸ்வில் நகரில் ரீகஸ் என்ற உணவகத்தின் கவுண்டரில் வேலைக்கு நின்றார். 15 வயதில் இந்தியானாவின் ஃபோர்ட் வெய்ன் நகரில் ஹாபி ஹவுஸ் என்ற உணவகத்தில் சேர்ந்தார். அந்த நேரம் பார்த்து அப்பா மறுபடியும் ஊர் மாற்றக் கிளம்பினார். இந்த முறை பையன் கூடப் போகவில்லை. ஒய்எம்சிஏ விடுதியில் ஓர் அறை எடுத்துக்கொண்டு அங்கேயே தங்கிவிட்டார். முழுநேர வேலை வேண்டும் என்று பத்தாம் வகுப்போடு படிப்பையும் நிறுத்தினார். தன் வாழ்க்கையில் செய்த பெரிய தவறு அதுதான் என்பார்.

அப்புறம் ராணுவம். 18 வயதில் தானாகவே போய்ச் சேர்ந்தார். சமையல் பயிற்சிப் பள்ளியில் படித்து, ஜெர்மனியில் தினமும் சுமார் 2,000 வீரர்களுக்குச் சமைத்துப் போடும் மெஸ்ஸில் வேலை பார்த்தார். பெரிய பந்திக்குச் சமைத்தவர்களுக்கு இதன் அருமை தெரியும். நாலு பேருக்கு ருசியாகச் சமைப்பது ஒரு வித்தை. தினமும் அதே நேரத்துக்கு, அதே ருசியில், ஆயிரக்கணக்கானவர்களுக்குச் சமைப்பது முற்றிலும் வேறு வித்தை. கொள்முதல், கணக்கு, ஆட்களை வேலை வாங்குவது எல்லாம் அங்கே படிந்துவிடும்.

திரும்பி வந்து மறுபடியும் ஹாபி ஹவுஸ். அங்கே பரிமாறுபவராக இருந்த லொரெய்னை 1954-இல் திருமணம் செய்துகொண்டார். ஐந்து பிள்ளைகள். இதற்கிடையே கர்னல் சாண்டர்ஸ் தன் கோழி வறுவல் முறையை ஊர் ஊராக எடுத்துப் போய் உணவகங்களுக்கு விற்றுக்கொண்டிருந்தார். ஹாபி ஹவுஸ் முதலாளி ஃபில் கிளாஸ் அந்த உரிமையை வாங்கினார். ஒஹாயோ மாநிலத்துக் கொலம்பஸ் நகரில் அவருக்கு இருந்த நான்கு கென்டக்கி ஃப்ரைடு சிக்கன் கடைகள் நஷ்டத்தில் தள்ளாடின. 1962-இல் அவற்றை நிமிர்த்தச் சொல்லி டேவை அனுப்பினார். நிமிர்த்திவிட்டால் கடைகளில் ஒரு பங்கு என்பது பேச்சு.

அங்கே அவர் செய்தது தொழில்காரர்கள் படிக்க வேண்டிய பாடம். முதலில் மெனுவை வெட்டினார். நூறு ஐட்டம் எழுதிப் போட்டால் நூறுக்கும் சரக்கு வாங்கி வைக்க வேண்டும். அதில் பாதி கெட்டுப் போகும், மீதியைச் சமைக்கிறவனுக்கும் கை பழகாது. கோழி, அதற்குத் தொட்டுக்கொள்ள ஒன்றிரண்டு, அவ்வளவுதான் என்று நிறுத்தினார். விளம்பரத்துக்குக் கையில் காசு இல்லை. வானொலி நிலையத்தாருக்குக் கோழி வாளிகளைக் கொடுத்து அதற்கு ஈடாக விளம்பர நேரம் வாங்கினார். கடை முன்னால் சுழலும் பெரிய வாளிப் பலகையை வைத்ததும் அவர்தான். சாண்டர்ஸையே விளம்பரங்களில் பேச வைக்கலாம் என்று சொன்னவர்களில் அவரும் ஒருவர். நான்கு கடைகளும் பிழைத்தன. 1968-இல் கடைகளைக் கம்பெனிக்கே விற்றபோது அவர் பங்குக்குக் கிடைத்தது சுமார் 15 லட்சம் டாலர். வயது நாற்பதைக்கூடத் தொட்டிருக்கவில்லை.

1969 நவம்பர் 15 அன்று கொலம்பஸ் நகரின் கிழக்கு பிராட் தெருவில் முதல் வெண்டீஸ் திறந்தது. பர்கர் கடைகளுக்கு அமெரிக்காவில் அப்போதே பஞ்சமில்லை. இன்னொன்று எதற்கு என்று எல்லோரும் கேட்டிருப்பார்கள். அவர் பதிலைத் தட்டிலேயே வைத்தார். உறைய வைக்காத புதிய மாட்டிறைச்சி. ஆள் வந்து கேட்ட பிறகுதான் பர்கரைக் கட்டுவார்கள். இறைச்சி வட்டமாக இருக்காது, சதுரம். வட்டமான பன்னுக்கு வெளியே நாலு மூலையும் நீட்டிக்கொண்டிருக்கும். அரைகுறையாக வேலை செய்வதை ஆங்கிலத்தில் 'மூலையை வெட்டுவது' என்பார்கள். எந்த வேலையிலும் மூலையை வெட்டாதே என்பது பாட்டியின் வாக்கு. அதைத்தான் பேரன் இறைச்சியில் காட்டினார். வாங்குகிறவனுக்கும் இறைச்சி எவ்வளவு என்பது கண்ணுக்குத் தெரியும். பாட்டி சொல்லும் வியாபார மூளையும் ஒரே இடத்தில் சேர்ந்ததற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

மெனுவில் ஐந்தே சமாச்சாரம்: பர்கர், சில்லி, உருளைக்கிழங்கு வறுவல், குளிர்பானம், ஃப்ராஸ்டி என்ற கெட்டியான பால் இனிப்பு. இதில் சில்லியைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். சில்லி என்பது மிளகாய், பீன்ஸ், தக்காளியோடு இறைச்சியைப் போட்டுக் கொதிக்க வைக்கும் கெட்டிக் குழம்பு. கூட்டத்தை எதிர்பார்த்துக் கல்லில் இறைச்சி போட்டிருப்பார்கள். எதிர்பார்த்த ஆள் வரவில்லை என்றால் அது அதிகமாக வெந்து காய்ந்துவிடும், பர்கரில் வைக்க முடியாது. வேறு கடையென்றால் குப்பைக்குப் போகும். இங்கே அதை உதிர்த்துச் சில்லிப் பானைக்கு அனுப்பினார்கள். நீண்ட நேரம் கொதிக்கிற குழம்பில் காய்ந்த இறைச்சி மெத்தென்று ஆகிவிடும். புதிய இறைச்சி, கேட்ட பிறகு கட்டுவது என்ற வாக்கைக் காப்பாற்ற ஆகிற செலவை அந்த ஒரு பானை தாங்கியது. அடுக்களையில் நின்றவனுக்குத்தான் இந்த யோசனை வரும்.

வளர்ச்சி வேகமாக இருந்தது. காரில் இருந்தபடியே வாங்கிப் போக, தனி அடுப்போடு ஒரு ஜன்னல் வைத்தார். கிளை உரிமையை ஒவ்வொரு கடைக்கு என்று விற்காமல் ஒரு நகரம், ஒரு வட்டாரம் என்று மொத்தமாக விற்றார். 1976-இல் பங்குச் சந்தைக்குப் போனார்கள். 1978-இல் ஆயிரமாவது கடை. 1980-களின் தொடக்கத்தில் அவர் அன்றாட நிர்வாகத்திலிருந்து விலகினார். நடுவில் காலை உணவு முயற்சி தோற்றது, பல கிளைகளில் சுத்தமும் தரமும் சரிந்தன. பத்தாண்டின் பிற்பாதியில் அவர் மறுபடியும் கடை கடையாகப் போய் நின்றார். தன்னிடம் இருக்கும் எம்.பி.ஏ. பட்டம் 'மாப், பக்கெட், ஆட்டிட்யூட்' என்று சொல்வது அவர் வழக்கம். தரை துடைக்கும் மாப்பும் வாளியும், அதை எடுக்கத் தயங்காத மனசும் என்று அர்த்தம். கோடிக்கணக்கில் பணம் வைத்திருந்தவர் இடுப்பில் ஏப்ரன் கட்டிக் கையில் மாப்போடு நிற்கும் படம் பிரபலம்.

1989-இல் விளம்பரங்களில் தானே நடிக்கத் தொடங்கினார். அரைக்கை வெள்ளைச் சட்டை, சிவப்பு டை, பேச்சில் அலங்காரம் கிடையாது. 800-க்கும் மேற்பட்ட விளம்பரங்கள் வந்தன. அமெரிக்காவில் அந்த முகத்தைத் தெரியாத வீடு குறைவு. இங்கே ஒரு சங்கதி. கடைக்கு மகளின் செல்லப் பெயரை வைத்தவர் அவர். மெலிண்டா என்ற பெயரைச் சின்ன வயதில் சொல்ல வராமல் உடன்பிறந்தவர்கள் வெண்டி என்று கூப்பிட்டதுதான் கடைப் பெயர் ஆனது. கடைசிக் காலத்தில் அதற்காக மகளிடம் மன்னிப்புக் கேட்டார். என் பெயரையே வைத்திருக்கலாம், உன் தலையில் பெரிய சுமையை ஏற்றிவிட்டேன் என்றாராம். மகள்தான் பின்னாளில் இதை எழுதினார்.

சரி, இனி உங்கள் கேள்வியின் மையத்துக்கு வருவோம்.

1990-இல் அதிபர் ஜார்ஜ் ஹெர்பர்ட் வாக்கர் புஷ் தத்தெடுப்பை ஊக்குவிக்கும் தேசிய இயக்கம் ஒன்றுக்கு முகமாக இருக்கச் சொல்லி அவரை அழைத்தார். டிவியில் தெரிந்த முகம், அவரே தத்துப்பிள்ளை. அழைப்புக்குக் காரணம் வெளிப்படை. விளம்பரத்துக்கும் கொடைக்கும் தொடர்பு உண்டு என்று முதலில் சொன்னேனே, அது இந்த இடத்தில்தான். ஆனால் கொடியசைத்துவிட்டுப் போக வேண்டியவர் இரண்டே வருஷத்தில், 1992-இல், டேவ் தாமஸ் தத்தெடுப்பு அறக்கட்டளையைத் தொடங்கி முழுசாக உள்ளே இறங்கிவிட்டார்.

அமெரிக்க நிலைமையைக் கொஞ்சம் விளக்க வேண்டும். அடி, உதை, பட்டினி, புறக்கணிப்பு என்று ஒரு பிள்ளை வீட்டில் ஆபத்தில் இருந்தால் நீதிமன்றம் அதை எடுத்துத் தற்காலிக வளர்ப்புக் குடும்பத்தில் வைக்கும். பெற்றோர் திருந்தினால் பிள்ளை வீடு திரும்பும். திருந்தாவிட்டால் பெற்றோரின் உரிமையை நீதிமன்றம் ரத்து செய்யும். பிள்ளை நிரந்தரக் குடும்பத்துக்காகக் காத்திருக்கும். அப்படிக் காத்திருக்கும் பிள்ளைகள் எந்த நேரத்திலும் லட்சத்தை ஒட்டி இருந்தார்கள். தத்தெடுக்க வருகிறவர்களில் பெரும்பாலோர் தேடுவது கைக்குழந்தையை. 12, 14 வயதுப் பிள்ளை, பிரிக்கக் கூடாத மூன்று உடன்பிறப்புகள், உடல்நலக் குறைவோ மனக்காயமோ உள்ள பிள்ளை, இவர்களை யாரும் தேடி வருவதில்லை. வீடு மாற்றி வீடு, பள்ளி மாற்றிப் பள்ளி என்று போய், 18 வயது ஆனதும் யாருமில்லாமல் வெளியே வந்து நிற்பார்கள். வருஷத்துக்குச் சுமார் 20,000 பேர் அப்படி வெளியேறிய காலம் அது. 15 வயதில் ஒய்எம்சிஏ அறையில் தனியாகப் படுத்தவருக்கு அது என்ன வாழ்க்கை என்று யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

அவர் கவனத்தை வைத்தது இந்தப் பிள்ளைகள் மேல்தான். குழந்தைகள் நலம் என்று பரந்த பலகை மாட்டியிருக்கலாம். அநாதை இல்லம் கட்டிப் பெயர் பொறித்திருக்கலாம். கொலம்பஸில் மெனுவை வெட்டிய அதே புத்தி இங்கேயும் வேலை செய்தது: ஒரே வேலை, இந்தப் பிள்ளைகளுக்குக் குடும்பம் தேடுவது. மருத்துவமனைக்கும் கல்விக்கும் வேறு கொடைகள் அவர் கொடுத்ததுண்டு. வசதி உள்ளவர்கள் பலரும் கொடுப்பதுதான், அதில் நிற்க வேண்டாம்.

தத்தெடுக்க மனசு இருக்கிற குடும்பத்தைத் தடுப்பது எது என்று முதலில் பார்த்தார். முதல் தடை செலவு, அடுத்தது விடுப்பு. ஒரு பெண் பிள்ளை பெற்றால் மருத்துவக் காப்பீடு செலவைத் தாங்கும், வேலையிடத்தில் விடுப்பு கிடைக்கும். அதே பெண் ஒரு பிள்ளையைத் தத்தெடுத்தால் அந்தக் காலத்தில் பெரும்பாலும் இரண்டும் கிடைக்காது. வழக்கறிஞர் கட்டணம், வீட்டு ஆய்வுக் கட்டணம் எல்லாம் கையைக் கடிக்கும். டேவ் தன் கம்பெனியிலேயே தத்தெடுக்கும் ஊழியர்களுக்குச் சலுகை ஏற்படுத்திவிட்டு, மற்ற பெரிய நிறுவனங்களின் தலைவர்களிடம் நீங்களும் செய்யுங்கள் என்று கேட்டுக்கொண்டே இருந்தார். முதலாளியிடம் முதலாளி கேட்பதற்கு ஒரு வலிமை உண்டு. செலவு எவ்வளவு ஆகும், எத்தனை ஊழியர் பயன்படுத்துவார்கள் என்று அவர்கள் பாஷையிலேயே பேச முடியும். ஒரு நிறுவனத்தில் எந்த வருஷமும் தத்தெடுப்பவர்கள் விரல் விட்டு எண்ணக்கூடியவர்கள்தான். செலவு சின்னது, அந்தக் குடும்பத்துக்கோ அது பெரியது. நூற்றுக்கணக்கான நிறுவனங்களில் இன்று இந்தச் சலுகை இருப்பதில் அவருடைய பங்கு நிச்சயம் உண்டு.

1996-இல் தத்தெடுப்புச் செலவுக்கு வருமான வரியில் 5,000 டாலர் வரை கழிவு தரும் சட்டம் வந்தது. சிறப்புத் தேவை உள்ள பிள்ளை என்றால் 6,000. அதற்காகக் குரல் கொடுத்தவர்களில் முன்வரிசையில் நின்றவர் அவர். தத்தெடுப்பைப் பற்றி ஓர் அஞ்சல் தலை வேண்டும் என்று வருஷக்கணக்காகக் கேட்டார். 2000-இல் 33 சென்ட் தலை வெளியானது. தபால்தலை சின்ன விஷயம்தான். ஆனால் ஒரு காலத்தில் குடும்பத்துக்குள்ளேயே ரகசியமாக வைத்திருந்த ஒன்று எல்லார் வீட்டுக் கடிதத்திலும் ஒட்டி வந்தது. 13 வயதில் பாட்டி சொல்லித் தெரிந்துகொண்ட பையனுக்கு அதன் மதிப்பு தெரியும்.

இந்த நேரத்தில்தான் படிப்பு விஷயத்தையும் நேர் செய்தார். பள்ளிகளுக்குப் பேசப் போனபோது ஒரு கவலை அவரைப் பிடித்தது: இவரே படிப்பை விட்டவர்தான், கோடீஸ்வரர் ஆகவில்லையா என்று பிள்ளைகள் நினைத்துவிடுவார்கள். 1993-இல், பள்ளியை விட்டு 45 வருஷம் கழித்து, தேர்வு எழுதிப் பள்ளிச் சான்றிதழ் வாங்கினார். ஃப்ளோரிடாவின் கோகனட் க்ரீக் பள்ளி மாணவர்கள் அவரைத் தங்கள் வகுப்பில் சேர்த்துக்கொண்டார்கள். அந்த வருஷ நடன விருந்தில் அவரையும் லொரெய்னையும் ராஜா ராணியாகத் தேர்ந்தெடுத்தார்கள். 60 வயதுத் தம்பதி பதினேழு வயதுப் பிள்ளைகள் நடுவில் நின்றதை நினைத்துப் பார்த்தால் எனக்கு இன்னும் நெஞ்சு நிறைகிறது.

2002 ஜனவரி 8 அன்று ஈரல் புற்றுநோயால் இறந்தார். வயது 69. அப்போது சுமார் 6,000 வெண்டீஸ் கடைகள் இருந்தன. அடுத்த வருஷம் அமெரிக்காவின் உயரிய சிவிலியன் விருதான அதிபர் சுதந்திரப் பதக்கம் அவர் மறைவுக்குப் பின் வழங்கப்பட்டது. முகத்துக்காக நடந்த வேலை என்றால் முகம் போனதும் ஓய்ந்திருக்க வேண்டும். அறக்கட்டளையின் முக்கியமான வேலை அதற்குப் பிறகுதான் தொடங்கியது.

2004-இல் 'வெண்டீஸ் வொண்டர்ஃபுல் கிட்ஸ்' என்ற திட்டத்தை ஆரம்பித்தார்கள். பணத்தில் ஒரு பகுதி கடைக் கவுண்டரிலிருந்தே வருகிறது. கல்லா பக்கத்தில் இருக்கும் பெட்டியில் சில்லறை போடுவார்கள். இரண்டு மூன்று டாலருக்குச் சின்னச் சாவிக்கொத்து அட்டை ஒன்று விற்பார்கள். அதைக் காட்டினால் வருஷம் முழுக்க ஒவ்வொரு முறை வாங்கும்போதும் ஒரு குட்டி ஃப்ராஸ்டி இலவசம். இது வாடிக்கையாளர் காசு, கம்பெனிக்கு எதற்குப் பெருமை என்று ஒரு குறை சொல்வார்கள். நியாயமான குறைதான். அந்தக் கடைக்கு வியாபாரமும் கூடுகிறது என்பதும் உண்மை. நான் பார்ப்பது அந்தக் காசு எங்கே போகிறது என்பதை. கட்டடத்துக்குப் போகவில்லை, விழாவுக்குப் போகவில்லை. ஆளுக்குப் போகிறது, அதாவது சம்பளத்துக்கு.

அரசுப் பணியாளர் ஒருவர் கையில் ஏகப்பட்ட பிள்ளைகளின் வழக்குகள் குவிந்திருக்கும். இன்றைக்கு அடிபட்ட பிள்ளையைக் கவனிப்பாரா, ஐந்து வருஷமாக அமைதியாகக் காத்திருக்கும் 14 வயதுப் பையனைக் கவனிப்பாரா? அந்தப் பையன் கோப்பு அடியில் போய்விடும். அறக்கட்டளை தத்தெடுப்பு அமைப்புகளுக்குப் பணம் கொடுத்து, இந்த ஒரு வேலைக்கு மட்டும் முழுநேர ஆளை வைக்கச் சொல்கிறது. அவர் கையில் கொடுப்பது பதினைந்து இருபது பிள்ளைகளைத்தான். இதைத்தான் ஓட்டல்காரரின் கை என்கிறேன். மொத்தமாகச் சமைத்து அடுக்கி வைப்பதில்லை, ஒவ்வொரு ஆர்டரும் தனி.

இது பலித்ததா என்று வெளியாரை வைத்துப் பல ஆண்டு சோதித்தும் பார்த்தார்கள். சைல்டு ட்ரெண்ட்ஸ் என்ற ஆய்வு நிறுவனம் 2011-இல் முடிவை வெளியிட்டது. இந்தத் திட்டத்தில் வந்த பிள்ளைகளுக்குத் தத்துக் குடும்பம் கிடைக்கும் வாய்ப்பு மற்றப் பிள்ளைகளைவிட 1.7 மடங்கு, வயதில் பெரிய பிள்ளைகளுக்கு மூன்று மடங்கு வரை. யாரும் எடுக்க மாட்டார்கள் என்று ஒதுக்கிய பிள்ளைகளிடம்தான் பலன் அதிகம். அதன் பிறகு பல மாநில அரசுகள் தங்கள் பணத்தையும் போட்டு இத்திட்டத்தை விரித்தன. இதுவரை 10,000-க்கும் மேற்பட்ட பிள்ளைகளுக்கு இதன் வழியாகக் குடும்பம் கிடைத்திருக்கிறது.

அந்த ஆள் என்ன செய்கிறார் என்பதையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதற்குள்தான் எல்லாம் இருக்கிறது. முதலில் பிள்ளையோடு உட்கார்ந்து பேசுவார். ஒரு நாள் பேச்சில்லை, மாதாமாதம் போவார். எனக்கு யாரும் வேண்டாம் என்று பிள்ளை சொன்னால் விட்டுவிட்டுப் போக மாட்டார், ஏன் என்று காது கொடுத்துக் கேட்பார். அப்புறம் கோப்பை முதல் பக்கத்திலிருந்து எடுத்து வரி வரியாகப் படிப்பார். கட்டுக்கட்டாக இருக்கும், பல வருஷக் காகிதம். அதில் வருகிற பெரியவர்கள் பெயரையெல்லாம் ஒரு தாளில் குறித்துக்கொள்வார்: தூரத்து அத்தை, பழைய விளையாட்டுப் பயிற்சியாளர், முன்பு வைத்திருந்த வளர்ப்புக் குடும்பம், மூன்றாம் வகுப்பு ஆசிரியை. அவர்களில் யாருக்காவது இந்தப் பிள்ளையை இன்னும் ஞாபகம் இருக்கும் என்பது அவர் கணக்கு. பிறகு பட்டியலின் முதல் பெயரிலிருந்து ஒவ்வொருவராகப் போன் போட ஆரம்பிப்பார்.